சிங்கப்பூரில் எங்கே தங்குவது: மரினா பே சேண்ட்ஸா, செந்தோசாவா, ஃபுல்லர்ட்டனா, தேக்காவா?

சிங்கப்பூருக்கு விமான டிக்கெட் போட்டவர்கள் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "அந்தக் கப்பல் ஓட்டல்ல ஒரு தடவை தங்கிப் பார்க்கணும், செலவுக்குத் தகுமா?" குழந்தைகள் உள்ளவர்கள், "இல்ல, யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்கா பக்கத்துலயே தங்கிடலாமா?" என்கிறார்கள். அப்பா அம்மாவை அழைத்து வருபவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை. கேட்கிறவர்கள் எல்லாரும் ஓட்டல்களின் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். படத்தில் எல்லா ஓட்டலும் நன்றாகத்தான் இருக்கும். தங்கப் போகிறவருக்கு வேறு கணக்குகள் இருக்கின்றன.

நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறேன். மரினா விரிகுடாவில் உள்ள மரினா பே சேண்ட்ஸ், செந்தோசாத் தீவில் உள்ள ரிசார்ட்ஸ் வேர்ல்ட், சூதாட்டக்கூடம் இல்லாத பழைய பாணிச் சொகுசுக்கு ஃபுல்லர்ட்டன், கடைசியாகத் தேக்கா என்று நம்மவர்கள் சொல்லும் லிட்டில் இந்தியா. முதல் இரண்டும் 2010-ல் திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த உல்லாசத் தலங்கள். ஓட்டல், கடைத்தொகுதி, மாநாட்டு அரங்கு, கேளிக்கை இடங்கள், சூதாட்டக்கூடம் என்று எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், அறையில் விழித்திருக்கும் நேரம். நான்கு நாள் பயணத்தில் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு பத்து மணிக்குத் திரும்புகிறவருக்கு எந்த ஓட்டலும் ஒரு படுக்கையும் ஒரு குளியலறையும்தான். இதை நேர்மையாக எண்ணிப் பார்த்தாலே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, கூட வருபவர் யார் என்பது. எட்டு வயதுப் பிள்ளைக்கு நல்ல இடம் எழுபது வயது அம்மாவுக்கு நல்ல இடமாக இருப்பது அபூர்வம். மூன்றாவது சாப்பாடு, குறிப்பாகச் சைவம். நான்காவது, சூதாட்டக்கூடம் அறைக்குக் கீழேயே இருப்பது உங்கள் குடும்பத்துக்குச் சரிப்படுமா என்பது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. பின்னால் தனியாகப் பேசுகிறேன்.

ஐந்தாவது, கடைசியில் கையெழுத்துப் போடும் பில். சிங்கப்பூரில் ஓட்டல் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் அதற்குப் 'பிளஸ் பிளஸ்' என்று பெயர். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வரி, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகை மேல் விழும். ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அறை முதலில் 1,100 ஆகும், பிறகு 1,199 ஆகும். ஆக, பிளஸ் பிளஸ் போட்ட விலையைப் பார்த்தால் மனதுக்குள் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். தேக்காவில் உள்ள முஸ்தஃபா கடையில் வாங்கிய பொருளுக்கு விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாம். ஓட்டல் அறைக்கும் சாப்பாட்டுக்கும் கட்டிய வரி திரும்பாது. ஓட்டல்கள் அட்டையில் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்துவைக்கும் வழக்கமும் உண்டு. அது பிறகு விடுவிக்கப்படும் என்றாலும், டெபிட் அட்டையோடு வருகிறவர்களுக்குப் பயணத்தின் நடுவில் கையைக் கடிக்கும்.

## மரினா பே சேண்ட்ஸ்

மூன்று கோபுரங்கள், ஒவ்வொன்றும் 55 மாடி, மேலே 340 மீட்டர் நீளத்துக்குக் கப்பல் வடிவில் ஒரு தோட்டம். வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. அந்தத் தோட்டத்தில்தான் எல்லாரும் படம் எடுத்துப் போடும் நீச்சல்குளம் இருக்கிறது. விளிம்பில் தண்ணீர் முடிந்து நேரே நகரம் தொடங்குவது போலத் தெரியும்.

இங்கே தங்குவதற்கு உண்மையான காரணம் அந்தக் குளம் ஒன்றுதான் என்பது என் கட்சி. ஓட்டல் விருந்தினர் மட்டுமே அதில் இறங்க முடியும், அறை அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மற்ற எல்லாவற்றையும் தங்காமலேயே அனுபவிக்கலாம். கடைத்தொகுதி எல்லாருக்கும் திறந்திருக்கிறது. விரிகுடாவில் இரவு எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடக்கும் ஒளி, நீர்க் காட்சி இலவசம். பின்புறம் உள்ள கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை த பே) 7.45-க்கும் 8.45-க்கும் பெருமரங்கள் என்ற செயற்கை மரக் கோபுரங்கள் பாட்டுக்கு மின்னுவதும் இலவசம். உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கத் தனிப் பார்வைத் தளம் இருக்கிறது. டிக்கெட் வாங்கி யாரும் ஏறலாம், ஆனால் அங்கிருந்து குளத்துக்குப் போக முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் டிக்கெட் வாங்கிவிட்டு மேலே போய் ஏமாறுகிறவர்கள் உண்டு. உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு டக்ஸ்டனில் உள்ள வீடமைப்புக் கழகக் குடியிருப்பின் 50-வது மாடிப் பாலத்தில் 6 வெள்ளிக்கு அந்த ஆசை தீர்ந்துவிடும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கோபுரங்களுக்குள் தங்கினால் அந்தக் கோபுரங்கள் உங்கள் கண்ணுக்குப் படாது. சிங்கப்பூர் என்றதும் நினைவுக்கு வரும் அந்தக் காட்சி எதிர்க்கரையில் மெர்லயன் சிலைப் பக்கம் நின்றால்தான் கிடைக்கும்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு சுமார் 2,560 அறைகள் இருந்தன. பெரும் பொருட்செலவில் புதுப்பித்தபோது அறைகளைச் சேர்த்துப் பெரிய சூட்களாக்கினார்கள். இப்போது இருப்பது 1,850 அளவில். 2024-ல் இந்த வளாகத்தின் வருவாய் 400 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி சூதாட்டத்திலிருந்து வந்தது. பெரிய ஆட்டக்காரருக்கு அறையைச் சலுகையாகவோ இலவசமாகவோ கொடுத்துவிட்டு மேசையில் சம்பாதிப்பது இந்தத் தொழிலின் வழக்கம். அப்படிப்பட்ட இடத்துக்கு, மூன்று இரவு தங்கிவிட்டு ஆட்ட மேசைப் பக்கமே போகாத குடும்பத்துக்காக விலையைக் குறைக்க வேண்டிய அவசியம் என்ன? வரிகளோடு ஓர் இரவுக்கு ஆயிரம் வெள்ளியைத் தாண்டும் நாட்கள் இங்கே சகஜம்.

மறைமுகச் செலவுகளில் முதலாவது நேரம். மாலை 3 மணிக்கு அறை கொடுத்துக் காலை 11 மணிக்குக் கேட்டு வாங்கிவிடுவார்கள். ஓர் இரவு என்று பதிவு செய்தால் கிடைப்பது இருபது மணி நேரம், அதில் தூக்கம் போகக் கையில் நிற்பது பன்னிரண்டு. உச்ச நாட்களில் வரவேற்பறை வரிசையையும் அதிலிருந்து கழியுங்கள். இரண்டாவது காலை உணவு. பெரும்பாலான பதிவுகளில் அது சேராது. அடித்தளத்தில் ரசப்புரா மாஸ்டர்ஸ் என்ற உணவங்காடி இருக்கிறது. அசைவர்களுக்கு அது போதும், சைவர்களுக்குத் தேடல்தான்.

சரி, யாருக்கு இது சரி? புதுமணத் தம்பதிக்கு, கல்யாண நாளைக் கொண்டாட வருகிறவர்களுக்கு, அந்தக் குளத்தில் ஒரு விடியற்காலையாவது நிற்க வேண்டும் என்று பல வருடமாக ஆசைப்படுபவர்களுக்கு. அவர்களுக்கும் ஓர் இரவு போதும். குளம் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும், அந்த நேரத்தில் போனால் கூட்டம் இருக்காது. பத்து மணிக்குப் போனால் எதிரே நிற்பவர் கைபேசிக்குள் நீங்கள் வருவீர்கள்.

## ரிசார்ட்ஸ் வேர்ல்ட், செந்தோசா

மலேசியாவின் கெந்திங் மலையில் சூதாட்டக்கூடம் நடத்தும் அதே குழுமத்தின் இடம் இது. 49 ஹெக்டர். மரினா பே சேண்ட்ஸ் நிமிர்ந்து நிற்கிறது என்றால் இது படர்ந்து கிடக்கிறது. ஒரே ஓட்டல் இல்லை, வெவ்வேறு விலையில் பல ஓட்டல்கள். எக்குவேரியஸ் மரங்களுக்கு நடுவே அமைதியாக இருக்கும், யூனிவர்சல் வாசலுக்கு நடக்கும் தூரம் அதிகம். ஹோட்டல் மைக்கேலும் ஹோட்டல் ஓராவும் நடுவில் உள்ளவை. முழுக்க சூட்களாலான லாரஸ் 2025-ல் வந்தது.

பிள்ளைகளுக்காகத்தான் இந்த இடம். யூனிவர்சல் ஸ்டூடியோஸ், 2025 பிப்ரவரியில் அதற்குள் திறந்த மினியன் லேண்ட், அதே ஆண்டு ஜூலையில் பழைய மீன்காட்சியகத்தை மூன்று மடங்காகப் பெரிதாக்கித் திறந்த சிங்கப்பூர் ஓஷனேரியம், நீர்ப்பூங்கா என்று எல்லாம் அடுத்தடுத்து இருக்கிறது. இங்கே தங்குவதன் லாபம் நடுப்பகலில்தான் தெரியும். சிங்கப்பூர் வெயிலும் புழுக்கமும் மதியம் ஒரு மணிக்கு எந்தப் பிள்ளையையும் அழவைத்துவிடும். அப்போது அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் தூங்கவைத்துவிட்டுத் திரும்ப முடிவது பெரிய வசதி. நகரத்திலிருந்து வந்தவர் நிழல் தேடி அலைந்துகொண்டிருப்பார்.

பூங்கா டிக்கெட் அறை வாடகையில் சேர்ந்துவிடும் என்று நினைத்து வருபவர்கள் நிறைய. பெரும்பாலும் சேராது. சேர்த்துத் தரும் தொகுப்புகள் உண்டு. அவற்றைத் தனித்தனியாக வாங்கும் விலையோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சவாரிகளுக்கு உயர வரம்பு இருப்பதையும் மறக்க வேண்டாம். பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவில் ஏற 125 செ.மீ. வேண்டும். பையனின் ஆசையே அதில்தான் என்றால் வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துவிடுவது நல்லது.

பிரச்சினை மாலையில் தொடங்கும். பூங்கா மூடியதும் தீவு ஓய்ந்துவிடும். நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் விவோசிட்டி கடைத்தொகுதி, அங்கிருந்து ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம். தீவிலிருந்து வெளியே வர எக்ஸ்பிரஸ் இலவசம், உள்ளே நுழைய ஆளுக்கு 4 வெள்ளி. நடந்து வர நினைப்பவர்களுக்குக் கடலோரப் பலகை நடைபாதை இருக்கிறது, கட்டணம் கிடையாது. தீவுக்குள் ஓடும் பேருந்துகளும் இலவசம். ஆனால் தினமும் கரையோரப் பூந்தோட்டம், தேக்கா, ஆர்ச்சர்ட் சாலை என்று சுற்றுகிறவருக்கு இந்தப் போக்குவரத்தே அலுப்பாகிவிடும். டாக்சி எடுக்கத் தொடங்கினால் அது தனிச் செலவு.

ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகள் இருந்தால் இரண்டு இரவு தங்கலாம். மூன்றாவது இரவு வீண். பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

## ஃபுல்லர்ட்டன்

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் 1928-ல் கட்டிய கட்டடம். நெடுங்காலம் தலைமை அஞ்சலகம் இங்கேதான் இருந்தது. 2001-ல் 400 அறைகளோடு ஓட்டலானது, 2015-ல் தேசிய நினைவுச் சின்னமானது. சூதாட்டக்கூடம் இல்லை, கேளிக்கைப் பூங்கா இல்லை, மொட்டை மாடியில் படகும் இல்லை.

எனக்குப் பிடித்தது இதுதான் என்பதை மறைக்கவில்லை. தெருவைக் கடந்தால் மெர்லயன். அங்கே நின்றால் எதிரே மரினா பே சேண்ட்ஸ் முழுசாகத் தெரியும். ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி நடக்கும் தூரம். பணியாளர்கள் அவசரப்படுத்துவதில்லை. பெற்றோரை ஒரு முறை வசதியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, மரினா பே சேண்ட்ஸில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணம் இங்கே பல நாட்களில் ஒன்றரை, இரண்டு இரவுக்கு வரும்.

குறை என்றால், பழைய கட்டடம் ஆதலால் எல்லா அறைக்கும் வெளிக்காட்சி கிடையாது. உள்முற்றத்தைப் பார்த்த அறைகளும் உண்டு, மலிவாகத் தெரிவது பெரும்பாலும் அவைதான். வார நாள் மதியங்களில் சுற்றுவட்டாரம் அலுவலகக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடும். பக்கத்தில் லாவ் பா சாட் சாப்பாட்டுச் சந்தை இருக்கிறது.

ராஃபிள்ஸ் ஓட்டலைப் பற்றியும் கேட்பார்கள். 1887-ல் தொடங்கிய இடம், இப்போது 115 சூட்கள் மட்டும். நம் பட்ஜெட் பேச்சுக்குள் அது வராது. லாங் பாரில் நிலக்கடலை உடைத்துத் தோலைத் தரையில் போட்டுவிட்டு வந்தால் போதும். குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் ஊரில் அதற்கு அனுமதி உள்ள இடம் அது.

## தேக்கா

சிராங்கூன் சாலையும் அதன் கிளைத் தெருக்களும். அறை சின்னது. சிலவற்றில் சன்னலே இருக்காது. 'சன்னல் உண்டா' என்று பதிவுக்கு முன் பார்ப்பது இங்கே கட்டாயம். மரினா பே சேண்ட்ஸின் ஓர் இரவு விலையில் இங்கே நான்கு, ஐந்து இரவு தங்கலாம்.

பலர் அறியாத விஷயம் ஒன்று இருக்கிறது. லிட்டில் இந்தியா எம்ஆர்டி இரண்டு தடங்கள் சந்திக்கும் நிலையம். டவுன்டவுன் தடத்தில் ஏறினால் நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட், அதாவது மரினா பே சேண்ட்ஸின் அடித்தளம். வடகிழக்குத் தடத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட், அதாவது செந்தோசாவின் வாசல். இரண்டு உல்லாசத் தலங்களின் வாசல் வரை வண்டி மாறாமல் போகலாம். செந்தோசாவில் தங்கி ஊருக்குள் அலைவதைவிட இங்கே தங்கி எல்லாப் பக்கமும் போவது எளிது.

சாப்பாட்டைச் சொல்லவே வேண்டாம். காலையில் இட்லி, மதியம் வாழையிலை, இரவு பரோட்டா எல்லாம் தெருவிலேயே. 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ் சைவர்களுக்கு. தேக்கா சந்தை அசைவர்களுக்கு. வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் நடக்கும் தூரம். வயதான அம்மா தனியாக வெளியே போய்த் தமிழிலேயே பேசி வாழைப்பழம் வாங்கி வரலாம். இந்தச் சுதந்திரத்தை வேறு எந்த ஓட்டலும் தராது.

ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் தனி. வாரம் முழுக்கக் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்த நம்மூர், வங்காளதேசத் தம்பிகள் நண்பர்களைப் பார்க்க, ஊருக்குப் பணம் அனுப்ப, சாப்பிட இங்கே கூடுவார்கள். நடைபாதை நிறைந்திருக்கும், சத்தமாக இருக்கும். அது அவர்களுடைய ஒரே விடுமுறை. கூட்டம் ஒத்துவராதவர்கள் அன்று செந்தோசாவுக்குப் போகலாம். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் காவடிகள் போகும், சாலைகள் மூடப்படும். டாக்சியை நம்பாதீர்கள்.

## கீழ்த்தளத்தில் இருக்கும் செலவு

சிங்கப்பூர் நெடுங்காலம் சூதாட்டக்கூடங்களை அனுமதிக்கவில்லை. முதல் பிரதமர் லீ குவான் யூவே எதிர்த்தவர்தான். நாட்டில் நடந்த பெரிய விவாதத்துக்குப் பிறகு 2005 ஏப்ரலில் அனுமதித்தார்கள். அனுமதித்த கையோடு தன் மக்களுக்கு ஒரு வேலியும் போட்டார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக நுழைவு வரி கட்ட வேண்டும். 2019-லிருந்து அது ஒரு நாளுக்கு 150 வெள்ளி, ஆண்டுக்கு 3,000. குடும்பத்தினரே விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கும் ஏற்பாடும் உண்டு.

சுற்றுலாப் பயணிக்கு அந்த வேலி இல்லை. 21 வயது நிரம்பியிருந்து கடப்பிதழைக் காட்டினால் இலவசம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் எல்லாரும் போகிறார்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரத்தில் வைக்கும் பணத்தில் சராசரியாக 2.7 விழுக்காடு மேசைக்குப் போகும். ஒரு சுற்றுக்கு 25 வெள்ளி, மணிக்கு 30 சுற்று, மூன்று மணி நேரம் என்றால் மொத்தம் 2,250 வெள்ளி வைத்திருப்பீர்கள், சராசரி இழப்பு 60 வெள்ளிக்குச் சற்று மேல். இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரம் என்றால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "அறுபது வெள்ளிதானே, ஒரு சினிமா மாதிரி" என்று தோன்றும். அது சராசரிதான். ஒரு தனி இரவில் முந்நூறு போகலாம், இருநூறு வரலாம். வந்தவர் எழுந்துவிடுவதில்லை, போனவர் அதை மீட்கத்தான் உட்கார்ந்திருக்கிறார். அறை மின்தூக்கி தூரத்தில் இருந்தால் இரவு ஒரு மணிக்குத் தூக்கம் வராதவர் திரும்பவும் இறங்குவார். தேக்காவில் தங்கியவருக்குக் கடைசி ரயில் என்று ஒன்று இருக்கிறது.

பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது என்பதால் ஒருவர் போனால் இன்னொருவர் அறையில் காவல். இதனால் வந்த சண்டைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். கூட வருபவர்களில் சீட்டு என்றால் கட்டுப்பாடு இழப்பவர் ஒருவர் இருந்தால் முதல் இரண்டு ஓட்டல்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்ற அளவுகோல்களைப் பார்க்கவே வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மரினா பே சேண்ட்ஸ் | ரிசார்ட்ஸ் வேர்ல்ட் | ஃபுல்லர்ட்டன் | தேக்கா |
|---|---|---|---|---|
| யாருக்கு | தம்பதி, குள ஆசை | 5–12 வயதுப் பிள்ளைகள் | பெற்றோர், அமைதி | நாலு நாளுக்கு மேல் தங்குவோர், சைவர் |
| எத்தனை இரவு | 1 | 2 | 2 அல்லது 3 | எத்தனை நாளானாலும் |
| சைவச் சாப்பாடு | தேட வேண்டும் | விவோசிட்டி வரை போகலாம் | ரயிலில் தேக்கா | வாசலிலேயே |
| எதிர்பாராத செலவு | காலை உணவு, சூதாட்டக்கூடம் | பூங்கா டிக்கெட், டாக்சி, சூதாட்டக்கூடம் | காட்சியுள்ள அறைக்குக் கூடுதல் விலை | சன்னல் இல்லாத அறை |

## கலந்து தங்கலாமா

தாராளமாக. ஐந்து இரவுப் பயணத்தில் தேக்காவில் நான்கு, மரினா பே சேண்ட்ஸில் ஒன்று என்பது பலருக்கும் பொருந்தும். அந்த ஒன்றை எங்கே வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். கடைசி இரவில் வைக்கிறவர்கள் அதிகம். ஆனால் சென்னைக்கும் திருச்சிக்கும் இரவு விமானம் பிடிப்பவர் 11 மணிக்கு அறையை விட்டுவிட்டுப் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு நாள் முழுக்கச் சுற்ற வேண்டும், கடைசியில் குளிக்க இடமிருக்காது. நடுவில் வைத்தால் பெரிய பெட்டிகளைத் தேக்கா ஓட்டலிலேயே கேட்டு வைத்துவிட்டு ஒரு கைப்பையோடு நான்கு நிறுத்தம் ரயிலில் போய்விட்டு மறுநாள் திரும்பலாம். சனிக்கிழமையைத் தவிர்த்து வார நடுவில் போட்டால் விலையும் இறங்கும்.

தேதியைப் பொறுத்து எல்லாம் தலைகீழாகும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் ஃபார்முலா ஒன் பந்தயம் மரினா விரிகுடாச் சாலைகளிலேயே ஓடுகிறது. ஃபுல்லர்ட்டன் வாசலை ஒட்டிக் கார்கள் போகும். அந்த வாரம் அந்தப் பகுதி விலையைப் பார்க்கவே வேண்டாம். சீனப் புத்தாண்டு, ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் செந்தோசா ஏறும்.

மரினா பே சேண்ட்ஸ் நான்காவது கோபுரம் கட்டுவதால் காத்திருக்கலாமா என்றும் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் அடிக்கல் நாட்டினார்கள். 570 சூட்களும் 15,000 பேர் அமரும் அரங்கும் திட்டம், திறப்பது 2031-ல் என்கிறார்கள். சூட்கள் மட்டும் என்பதால் விலை குறைய வழியில்லை, காத்திருக்கவும் காரணமில்லை. அதுவரை பக்கத்தில் கட்டுமானம் நடக்கும். இப்போதைய கோபுரங்களில் பதிவு செய்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே எந்தக் கோபுரம், எந்தப் பக்கம், சன்னலுக்கு வெளியே விரிகுடாவா பூந்தோட்டமா பாரந்தூக்கியா என்று எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.